ஓடுற மெசினை எதுக்குங்க மாத்தோணும்?

எங்கூட்டுக் கம்ப்யூட்டர் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், இருக்கிறது. அதற்கு நேர் பின்னால், சுவருக்கு அந்தப்பக்கம், தறி குடோன். எட்டுத் தறி. சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டும் வீடுகளில் பாதி இந்த அமைப்புதான். இந்தப்பக்கம் டிவியைக் கூட்டி வைப்போம், அந்தப்பக்கத்துச் சத்தம் அதையும் சேர்த்து முழுங்கும்.

2015-ல் காந்திபுரத்தில் அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டி. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டுடிஸ்க். அதற்கு மூன்று எஜமானர்கள். வீட்டுக்காரி சனிக்கிழமை கூலிக் கணக்கு போடுவாள். பதினொன்றாவது படிக்கும் மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கய்யன் கோயில் கமிட்டியில் இருக்கிறார். நோட்டீஸ், தலைக்கட்டு வரிப் பட்டியல், வரவு செலவு எல்லாம் அவரே அடிப்பார். 1978-ல் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த விரல்கள், இன்னும் மறக்கவில்லை. எனக்கு அதில் ரிப்பேர் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

அந்த அறிவிப்பை முதலில் பார்த்தது அய்யன்தான். முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு நின்றது: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது.

"ஏஞ்சாமி, இது செத்துப்போச்சா?"

"சாகலீங்கய்யா. இனிமே வைத்தியம் பாக்க மாட்டோம்னு சொல்றாங்க."

விசயம் அவ்வளவுதான். 15-ஆம் தேதி காலையிலும் பெட்டி ஓடும். ஆனால் புதிதாக ஓட்டை ஏதாவது கண்டுபிடித்தால் அதை அடைக்கும் பேட்ச் வராது. கரண்ட் பில்லும் பேங்க் வேலையும் அதே பெட்டியில் நடப்பதால் "நம்மளை எவன் சீண்டப் போறான்" என்று விட முடியவில்லை.

பெட்டி வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். "பதினொன்னு இதுல ஏறாதுங்ணா. புதுசு ஒண்ணு எடுத்துக்கங்க, முப்பத்தஞ்சுல முடிச்சுத் தர்றேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள பிராசசரும். எங்களுடையது நாலாம் தலைமுறை. வேகம் போதாது என்று கழிக்கவில்லை, பட்டியலில் பேர் இல்லை என்று கழித்துவிட்டார்கள்.

இதை அய்யனிடம் சொன்னதும் அவர் குடோன் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இருக்கும் எட்டில் ஆறு அவர் போட்ட தறி. எனக்குக் கல்யாணம் ஆகாத காலத்திலிருந்து ஓடுகிறது. பல்சக்கரம் தேய்ந்தால் பட்டறைக்காரர் வந்து மாற்றுவார், மறுநாள் ஓடும். "ஓடுற மெசினை எதுக்குங்க மாத்தோணும்?" என்று கடைக்காரரையே நேரில் கேட்பதுபோலக் கேட்டார். போன் அப்போது கட்டாகியிருந்தது.

கடைசியில் நான் விண்டோஸை விட்டுப் போனது லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்துக்கு. லினக்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது "இலவசம்" என்பதைத்தான். நம்மூரில் அந்தப் பேச்சு எடுபடாது. நான் விண்டோஸுக்குக் காசு கொடுத்ததே இல்லை. கடைக்காரர் போட்டுக் கொடுத்தார், பில்லில் அந்த வரியே கிடையாது. திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் செய்யவும்" என்று மங்கலாக ஒரு வாசகம் பல வருசம் நின்றது. சுவரில் தெரியும் ஈரக்கறை மாதிரி அது கண்ணுக்குப் பழகிவிட்டது. இன்னும் ஓராண்டுக்கு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் வைத்திருந்தது. மூலையில் அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளை வைத்து, சோதனைகளைத் தாண்டவிட்டு 11-ஐ ஏற்றலாம். ஏறிவிடும். ஆனால் தகுதி இல்லாத பெட்டிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று கம்பெனி உறுதி தருவதில்லை. இன்றைக்கு ஏற்றிவிட்டு நாளைக்கு மறுபடியும் இதே திண்ணையில் உட்கார வேண்டும்.

ஆக, மாறியதற்குக் காரணம் காசில்லை. நல்லா ஓடுகிற பெட்டியைக் காயலாங்கடைக்குப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். யாரும் எடுத்து, மாற்றி, பகிரலாம் என்கிற சுதந்திர மென்பொருள் கொள்கையெல்லாம் மகளுக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தீபாவளி அக்டோபர் 20. போனஸ் வாங்கிக்கொண்டு தறிக்காரர்கள் ஊருக்குப் போனதும் 18-ஆம் தேதி சாயங்காலம் குடோன் அமைதியானது. அன்றைக்கே பெட்டியைக் கழற்றினேன்.

மூடியைத் திறந்ததும் மகள் "அப்பா, உள்ள தலகாணி இருக்குது" என்றாள். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பிராசசர் மேல் ஃபேன், ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகள். அந்தத் தகடுகளுக்கு நடுவே பத்து வருசப் பஞ்சு. கூலித் தறியில் நூலிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசி சுவரைத் தாண்டி வந்து, ஃபேன் உறிஞ்ச உறிஞ்ச அங்கே கம்பளம் மாதிரி படிந்திருக்கிறது. ஃபேனைக் கழற்றிவிட்டு அதைச் சீப்புப் பல்லால் நெம்பினேன். ஒரே துண்டாக, தகடுகளின் அச்சோடு, சாம்பல் நிறத்தில் உரிந்து வந்தது. மகள் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

தறி துடைக்கிற புளோயரையே பிடித்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: காற்று அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது தாறுமாறாகச் சுற்றும், பேரிங் போய்விடும். பிராசசர் மேலிருந்த பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகக் கடலைப்பருப்பு அளவு வைத்து அழுத்தினேன்.

அப்படியே மூடிப் பழைய விண்டோஸையே ஓட்டிப் பார்த்தேன். வேகம் ஓரளவு திரும்பியிருந்தது! பிராசசர் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். இத்தனை நாள் நாங்கள் "பழசாயிருச்சு" என்று சொன்னதில் ஒரு பங்கு பஞ்சு. இன்னொரு பங்கு ஹார்டுடிஸ்க். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது, சுற்றுகிற பழைய வட்டு அதற்குமேல் ஓடாது. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாராவது லினக்ஸுக்கு மாற நினைத்தால், முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள் என்பேன். சுற்றுகிற பாகமே இல்லாத 256 ஜிபி எஸ்எஸ்டி வட்டு ஒன்றும், இன்னொரு 4 ஜிபி ராமும் வாங்கினேன். ராம் டிடிஆர்3, பழையது, அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது.

எந்த லினக்ஸ் என்பதில் நான் அதிகம் அலையவில்லை. லினக்ஸ் மின்ட் என்ற வகை, அதில் சினமன் என்ற திரை அமைப்பு. காரணம் ஒன்றுதான்: கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். அய்யன் கண் தேடுகிற இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. அப்போது வந்திருந்தது 22.2. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும்.

நிறுவல் கோப்பு 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. முதல் தடவை இறங்கிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் வந்தது; பிரவுசர் மிச்சத்தை இறக்கி "முடிந்தது" என்றது. அதை நம்பிப் பென் டிரைவில் எழுதி, பெட்டியில் செருகி, பாதி வழியில் திரை கறுத்து நின்றது. ராம் சரியில்லையோ என்று ஒரு மணி நேரம் ராமைக் கழற்றி மாட்டினேன். அப்புறம்தான் புத்தி வந்து சரிபார்ப்பு எண்ணைப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ256 என்று நீளமான கைரேகை ஒன்றைத் தளத்திலேயே கொடுத்திருப்பார்கள். கோப்பில் ஒரு எழுத்து பிசகினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். என்னுடையது முதல் எழுத்திலேயே ஒத்துப்போகவில்லை. மறுபடி இறக்கினேன். அந்த ஒரு நிமிசச் சோதனையைச் செய்யாததால் ஒரு ராத்திரி போனது.

நிறுவுவதற்கு முன்னால் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விசயம். வட்டில் ஒரு எழுத்துகூட மாறாது. அப்படி ஓட்டி மூன்றைச் சோதித்தேன். சத்தம் வந்தது. வைஃபை டாங்கிள் வரவில்லை. பிரிண்டர் வரவில்லை. மூன்றில் இரண்டு தவறினாலும் போனை யூஎஸ்பி வயரில் செருகி இணையத்தைப் பகிர்ந்ததும் நெட் உடனே வந்துவிட்டது. நெட் இருந்தால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

நிறுவும்போது பழைய ஹார்டுடிஸ்கின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். "எந்த வட்டை அழிக்கட்டும்?" என்று கேட்கும்போது திரையில் ஒரே ஒரு வட்டு இருந்தால் தப்பு செய்ய வழியே இல்லை. பத்து வருசப் போட்டோவும் கூலிக் கணக்கும் அதில் இருக்கின்றன. வெளி வட்டு ஒன்றில் நகல் எடுத்திருந்தேன், இருந்தாலும் வயரைப் பிடுங்கியது மனசுக்குத் தெம்பு. கால் மணி நேரத்தில் நிறுவல் முடிந்தது. இதில் எழுத வேறொன்றும் இல்லை. ஊர், விசைப்பலகை, பேர், பாஸ்வேர்டு.

மறுபடி ஆன் செய்தால் எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றது. ஒவ்வொரு தடவையும். தாய்ப்பலகையிலிருக்கும் வட்டச் செல் தீர்ந்து, பெட்டியைக் கிளப்பிவிடும் பயாஸ் நிரலில் தேதி 2014-க்குப் போயிருந்தது. சிஆர்2032, வாட்ச் ரிப்பேர் கடையில் 40 ரூபாய். லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வீட்டில் அதற்குள் "புதுசு போட்டதுல இருந்து இப்படி நிக்குது" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. மாற்றம் செய்தவன் தலையில்தான் அதன்பிறகு நடப்பதெல்லாம் விழும். தயாராக இருங்கள்.

பழைய வட்டைத் திரும்ப மாட்டினேன். கொஞ்ச நாள் இரண்டும் இருக்கட்டும், பூட் ஆகும்போது எஃப்12 அழுத்தி எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அதில் இரண்டு கூத்து நடந்தது. ஒன்று, லினக்ஸிலிருந்து பழைய வட்டைத் திறந்தால் படிக்க முடிந்தது, எழுத விடவில்லை. விண்டோஸின் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" வசதி, நாம் ஷட்டவுன் கொடுத்தாலும் அரைத் தூக்கத்தில்தான் படுக்கும். வட்டு இன்னும் தன் கையில்தான் என்று குறித்து வைத்திருக்கும். அதைப் பார்த்து லினக்ஸ் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது. விண்டோஸில் அந்த வசதியை அணைத்ததும் சரியானது.

இரண்டாவது, கடிகாரம். ஒருநாள் காலை பத்து மணிக்கு அய்யன் பழைய விண்டோஸைத் திறந்து, "இதுல மணி நாலரைங்குது" என்றார். பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் ஓடுவதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், ஊர் நேரம் ஓடுவதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். நமக்கு இடைவெளி ஐந்தரை மணி. கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஒரே வரி கொடுத்து லினக்ஸை ஊர் நேரத்துக்கு மாற்றலாம். மாற்றினேன்.

மூன்று எஜமானர்களில் வீட்டுக்காரி சீக்கிரம் சமாதானமானாள். கூலிக் கணக்கு எக்செலில் இருந்தது. லிப்ரே ஆபீஸ் கால்க் அதைத் திறந்தது. ஆள் வாரியாக மீட்டர், மீட்டர் கூலி, முன்பணம் கழித்து மீதி, கூட்டல் எல்லாம் பைசா சுத்தமாக ஒத்துப்போனது. பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் கடைசிப் பத்தி அடுத்த தாளுக்கு ஓடியது, ஓரத்து இடைவெளியைக் குறைத்துச் சரிசெய்தோம். ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், சேமிக்கும்போது எக்செல் வடிவத்திலேயே சேமிக்கும்படி அமைப்பில் ஒரு தடவை மாற்றிவிட்டேன். அதைச் செய்யாவிட்டால் அங்கே திறக்கவில்லை என்று போன் வரும். முதல் சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்துவிட்டு, "ஏனுங்க, பச்சைக் கலர் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி இருக்குது" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய மொத்த விமர்சனமும்.

மகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நம் மாநிலப் பதினொன்றாம் வகுப்புக் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்திலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. "இது எங்க புக்குல இருக்கறதுதான்" என்று உட்கார்ந்தவள், சி பிளஸ் பிளஸ் நிரலை டெர்மினலில் ஓட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி: "சும்மா குடுக்கறாங்கன்னா, யாருப்பா குடுக்கறா?" 1991-ல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னல் என்ற மையக்கரு, அதற்கு முன்பே 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்தின் கருவிகள், அதன்மேல் டெபியன், அதன்மேல் உபுண்டு, அதன்மேல் மின்ட் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "ஒருத்தர் பஞ்சு, ஒருத்தர் நூல், ஒருத்தர் பாவு, நாம துணி, அந்த மாதிரி" என்றாள் அவளாகவே. பக்கத்திலிருந்த அய்யனுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. அவர் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அதே லினக்ஸ் கெர்னல்தான் என்றதும் போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

அய்யன் கதைதான் நீளம். பத்து வருசக் கோயில் நோட்டீஸும் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அவருக்கு அது வசதி. பாமினியின் விசை அமைப்பு கிட்டத்தட்டப் பழைய டைப்ரைட்டர்தான், விரல் தானாகப் போகும். லினக்ஸ் ஏற்றிய பெட்டியில் அவர் முதல் கோப்பைத் திறந்தார். "அம்மன்" என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி. பக்கம் முழுக்க அப்படி.

"கோயில் கணக்கை எவனோ இங்கிலீசுல மாத்திப்போட்டானாட்டருக்குது" என்றார். முகம் வெளுத்துப்போனது.

யாரும் மாற்றவில்லை. எப்போதுமே அது அப்படித்தான் இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. கண்ணுக்கு மட்டும் தமிழ். எழுத்துரு இல்லாத பெட்டியில் வேசம் கலைந்துவிடும். பழைய வட்டிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து, இரண்டு தடவை சொடுக்கி நிறுவியதும் அம்மன் திரும்ப வந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு நாலு வருசமாக ஒரு குறை. நோட்டீஸை வாட்சப்பில் ஒட்டினால் இதே இங்கிலீசுக் குப்பைதான் விழும். அதனால் பிரிண்ட் எடுத்து, அதைப் போட்டோ எடுத்து அனுப்புவார். எல்லாப் பெட்டிக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தில் அடித்தால் அந்தச் சுற்று தேவையில்லை. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்று இருந்ததைச் சேர்த்துப் பார்த்தேன். பேர்தான் தமிழ்99, ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது. நிஜத் தமிழ்99-ல் அ, ம, ம, ஆ என்று அடித்தால் முதல் மகரத்துக்குத் தானே புள்ளி விழுந்து "அம்மா" ஆக வேண்டும். இதில் விழவில்லை. சூழலைப் பார்த்து எழுத்தை மாற்ற ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலும், அதற்கான எம்17என் தொகுப்பும் வேண்டும். இரண்டையும் நிறுவிவிட்டு வெளியேறி மறுபடி நுழைந்ததும் பட்டியலில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு எல்லாம் வந்தன. கூடவே, நான் எதிர்பார்க்காத ஒன்று: டைப்ரைட்டர்.

அதைத் தேர்ந்து கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன். டைப்ரைட்டரில் "கெ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. நடுவில் ஒரு ஆள் நின்று முன்பின் மாற்றித் தர வேண்டும், அந்த வேலையை இது செய்தது. அய்யன் கொம்பை அடித்தார், காத்திருந்தார், எழுத்தை அடித்தார், சேர்ந்து நின்றதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. கார்த்திகை தீபத்துக்கான நோட்டீஸை அரை மணி நேரத்தில் அடித்து, வாட்சப்பில் எழுத்தாகவே ஒட்டினார். கமிட்டிக் குழுவில் யாரோ கைகூப்பும் படம் போட்டார்கள்.

இதை விண்டோஸிலேயே செய்திருக்கலாம். அதற்கும் இந்த மாதிரி எழுது கருவிகள் இருக்கின்றன. நாலு வருசமாக நான் உட்கார்ந்து பார்க்கவில்லை, அதுதான் உண்மை.

வைஃபை டாங்கிள் சிப்பை ஓட்டும் டிரைவர் நிரலை ஒரு தன்னார்வலர் எழுதி வைத்திருந்தார். போன் நெட்டில் இறக்கி, பெட்டியிலேயே தொகுத்து ஓட்டினேன். ஒரு மாதம் ஓடியது. அப்புறம் கெர்னல் அப்டேட் ஒன்று வந்தது, புதுக் கெர்னலுக்கு டிரைவர் தொகுபடவில்லை, நெட் போச்சு. பூட் மெனுவில் பழைய கெர்னல் பத்திரமாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி நெட் வந்துவிடும். அன்றைக்கு அப்படித்தான் சமாளித்தேன். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இந்தப் பஞ்சாயத்து வேண்டாம் என்று ரௌட்டரிலிருந்து 15 மீட்டர் லேன் வயரைச் சுவரோரமாக இழுத்து ஆணி அடித்துவிட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து நெட் நின்றதில்லை.

பிரிண்டர் இரண்டு ராத்திரி சாப்பிட்டது. ஊரில் பாதி ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளை லேசர்தான். எல்லாருக்கும் தெரிந்த பிரிண்டர் மொழி எதையும் பேசாமல் தன் சொந்தப் பாசையில் மட்டும் பேசும் ரகம். டிரைவர் கிடைத்தது, நிறுவியும் ஆயிற்று, ஆனால் வரிசை தவறினால் படுத்துக்கொள்கிறது. முதலில் கம்ப்யூட்டர், திரை முழுசாக வந்தபிறகு பிரிண்டர், அப்புறம் ஒரு நிமிசம் பொறுத்து பிரிண்ட். அய்யன் இதை ஒரு துண்டுச் சீட்டில் 1, 2, 3 என்று எழுதி மானிட்டரின் கீழே ஒட்டியிருக்கிறார். புது பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் லினக்ஸில் ஓடுமா என்று விசாரித்துவிட்டு வாங்குவேன். இதற்காகவே ஒன்று வாங்க மாட்டேன்.

நான் மாற்றிய செய்தி பரவியதும் பல்லடத்திலிருந்து மச்சினன் வந்தான். நூல் ஏஜென்சி வைத்திருக்கிறான். "மச்சான், எனக்கும் போட்டுக் குடுங்க." அவன் கடை ஓடுவது டேலியில். டேலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்ட கணக்கு மென்பொருள். வைன் போன்ற இடைத்தரகரை வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. பில் போடுகிற பெட்டியில் அந்தச் சோதனை வேண்டாம் மாப்ள, 11 உள்ள புதுப் பெட்டியை வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு வருத்தம். பழைய பெட்டியைப் பிள்ளைகளுக்காக வீட்டில் வைக்கப் போகிறானாம், அதற்கு மின்ட் போட்டுக் கொடுத்தேன். அவன் மாறியதற்கும் காரணம் விண்டோஸ் 10 இல்லை, பென் டிரைவ். எங்கோ பிரிண்ட் எடுக்கப் போன பென் டிரைவில் வைரஸ் ஏறி, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, கல்யாணப் போட்டோ போச்சென்று அவன் சம்சாரம் ஒருநாள் முழுக்க அழுததாம். போகவில்லை, அந்த ரக வைரஸ் ஃபோல்டரை ஒளித்துவைத்துவிட்டு வாசலில் போலி பொம்மையை நிறுத்தும். அதே பென் டிரைவை எங்கூட்டுப் பெட்டியில் செருகியதும் போட்டோக்கள் இருந்த இடத்திலேயே தெரிந்தன. அங்கேயே அவன் முடிவு செய்துவிட்டான்.

இப்போது அக்கா பையனுடைய லேப்டாப் மேசையில் கிடக்கிறது. பன்னிரண்டாவதில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011-ல் அந்தத் திட்டம் ஆரம்பித்தபோது கொடுத்த பெட்டிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டேன். "அது என்னமோ கறுப்பா வரும் மாமா, உடனே ஆஃப் பண்ணிருவோம்" என்றான். ஊர் ஊராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த விருந்தாளியை யாரும் வாங்க என்றுகூடக் கேட்கவில்லை.

2 ஜிபி ராம். சினமன் தாங்காது, அதைவிட லேசான எக்ஸ்எஃப்சிஇ திரையைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பேட்டரி; உப்பி அடிப்பக்கத்தை வளைத்துக்கொண்டு நிற்கிறது, நெம்பினால் வெடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தறி நின்றதும் வாசலில் மண் மேல் வைத்துத்தான் கழற்றணும்.